தொலைபேசி எண்களின் பங்கீடு

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை அடுத்து வலியசாலை என்னும் பகுதி இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருவும் காந்தளூர் மகாதேவர் கோயிலும் இங்கே உள்ளன. முதலாம் இராசராசனின் கல்வெட்டுகளில் கூறப்படும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்தில்தான் இருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர்.

இத்தெருவில் உள்ள ஏதேனும் ஒரு வீட்டின் வாயிலைப் பார்ப்போம். நிலைப்படியின்மேல் ‘டி. ஸி.’ என்ற எழுத்துகளும், அவற்றை அடுத்து ஒரு சாய்கோட்டின் இருபுறமும் இரண்டு எண்களும் காணப்படும். இது மாநகராட்சி அளித்த கதவு எண். கோட்டுக்கு முன்னுள்ள எண் வார்டைக் குறிக்கும். பின்னுள்ளது அந்த வார்டில் வீட்டின் வரிசையைக் குறிக்கும். வீட்டுக்கு உரியவர் தம் விருப்பப்படி இந்த எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. நகர் முழுவதற்கும் ஒரு முறை வகுத்து, ஒரே எண் இருவருக்குச் சேராதபடி மாநகராட்சி அதனை வழங்குகிறது.

வீட்டினுள்ளே கூடத்தில் இருக்கும் தொலைபேசிக்கும் ஓர் எண் உண்டு. அதுவும் இவ்வாறே வழங்கப்பட்டது. ஆனால் அதன் பின்னுள்ள ஏற்பாடு ஒரு நகரத்தோடு நின்றுவிடுவதன்று. நாடு முழுவதையும், உலகம் முழுவதையும் தழுவியது. அந்த ஏற்பாட்டை யார் வகுக்கின்றனர், எண்களை எவ்வாறு பங்கிடுகின்றனர், அதில் நமக்கு என்ன அக்கறை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஓர் எண்ணின் உறுப்புகள்

முதலில் இரண்டு சொற்களை வேறுபடுத்திக் கொள்வோம். 0 முதல் 9 வரையுள்ள பத்துக் குறிகளையும் ‘இலக்கம்’ என்போம். இலக்கங்கள் பல சேர்ந்து ஒரு சந்தாதாரரைச் சுட்டும்போது அதனை ‘எண்’ என்போம்.

வலியசாலை வீட்டின் தொலைபேசியை வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் முதலில் 91 என்று அழுத்த வேண்டும். இது இந்தியாவின் குறியீடு. ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிமுறைகளின்கீழ் இத்தகைய நாட்டுக் குறியீடுகள் நிருவகிக்கப்படுகின்றன. மேற்கு, தெற்கு ஆசிய நாடுகள் பலவற்றுக்கு 9 என்னும் இலக்கத்தில் தொடங்கும் குறியீடுகள் கிடைத்தன. பாகிஸ்தானுக்கு 92, இலங்கைக்கு 94, பர்மாவுக்கு 95. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எந்த எண்ணும் பதினைந்து இலக்கங்களுக்கு மிகலாகாது என்பது அந்த ஒன்றியத்தின் விதி.

அடுத்து வருவது 471. இது திருவனந்தபுரம் வட்டாரத்தின் குறியீடு. நாட்டுக்குள்ளிருந்து அழைக்கும்போது இதன் முன் ஒரு பூஜ்யம் சேர்த்து 0471 என்கிறோம். ‘இது வெளியூர் அழைப்பு’ என்று இணைப்பகத்துக்கு அறிவிப்பதே பூஜ்யத்தின் வேலை. அது எண்ணின் உறுப்பன்று. இந்தியா முழுவதும் இவ்வாறு 2,600க்கு மேற்பட்ட வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது.

குறியீட்டுக்குப் பின் ஏழு இலக்கங்கள் வருகின்றன. அவற்றில் முதலாவது, சேவை அளிக்கும் நிறுவனத்தைக் காட்டும். பாரத் சஞ்சார் நிகம் நிறுவனத்துக்கு உரியது 2. இந்நகரின் பழைய சந்தாதாரர்களுக்கு நினைவிருக்கும்: 2000-களின் தொடக்கத்தில், அதுவரை ஆறு இலக்கங்களாக இருந்த எண்களின் முன்னே இந்த 2 சேர்க்கப்பட்டது. இடையிலுள்ள இலக்கங்கள் இணைப்பகத்தைக் குறிக்கும். கடைசி நான்கு இலக்கங்கள் சந்தாதாரரைக் குறிக்கும். நான்கு இலக்கங்களால் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் பேரைச் சுட்டலாம்.

வட்டாரக் குறியீட்டையும் உள்ளூர் எண்ணையும் கூட்டினால் நாடெங்கும் பத்து இலக்கங்களே வரும். சென்னையின் குறியீடு 44. ஆகவே அங்கே உள்ளூர் எண்ணுக்கு எட்டு இலக்கங்கள். திருவனந்தபுரத்துக்கு 471, உள்ளூர் எண்ணுக்கு ஏழு. நாகர்கோவிலுக்கு 4652, உள்ளூர் எண்ணுக்கு ஆறு. பெரிய நகரத்துக்குக் குறுகிய குறியீடும் நீண்ட உள்ளூர் எண்ணும், சிறிய ஊருக்கு நீண்ட குறியீடும் குறுகிய உள்ளூர் எண்ணும் அமைத்து, மொத்தம் மாறாமல் காத்திருக்கிறார்கள்.

இயந்திரம் எண்ணைப் படிக்கும் முறை

எண்ணின் முன்பகுதிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? இதற்கு விடை பழைய இயந்திரங்களில் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் இணைப்பகம் திறக்கப்பட்டபோது, அழைப்புகளை இணைத்தவர்கள் மனிதர்களே. சந்தாதாரர் பெயரைச் சொன்னால் போதும். மனிதரின் வேலையை இயந்திரத்துக்கு மாற்றியவர் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். அவருக்கு 1891இல் காப்புரிமை கிடைத்தது. நம் நாட்டில் சிம்லாவில் 1913–14இல் முதலாவது தானியங்கி இணைப்பகம் அமைக்கப்பட்டது.

பெயரை இயந்திரம் அறியாது, எண்ணையே அறியும். வட்டச் சுழல்தட்டில் 4 என்ற இலக்கத்தைச் சுழற்றினால் கம்பியில் நான்கு துடிப்புகள் செல்லும். இயந்திரத்தின் கை நான்கு படி ஏறும். பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்புகள். அமெரிக்காவில் 1947இல் வட்டாரக் குறியீடுகள் வகுக்கப்பட்டபோது, அழைப்புகள் மிகுந்த நியூயார்க் நகருக்கு 212 அளிக்கப்பட்டது. அதற்கு ஐந்தே துடிப்புகள் போதும்.

இயந்திரம் இலக்கங்களை இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கிறது. முதல் இலக்கத்தில் தேர்ந்த வழியைப் பின்னர் மாற்ற இயலாது. நம் நாட்டில் 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே சந்தாதாரர் தாமே வெளியூரை அழைக்கும் வசதி தொடங்கியதிலிருந்து, பூஜ்யம் வெளியூருக்கு வழி. 1 காவல், தீயணைப்பு போன்ற சிறப்புச் சேவைகளுக்கு வழி. ஏனையவை உள்ளூருக்கு வழி என்னும் ஒழுங்கு படிப்படியாக நிலைபெற்றது.

இடம் இருந்தும் இடமில்லை

இத்தகைய ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. அதனை ஒரு பள்ளிக்கூட உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு பள்ளியில் ஐந்து வகுப்புகள். ஒவ்வொன்றிலும் நாற்பது மாணவர். தலைமையாசிரியர் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று இலக்க எண் தருகிறார். மூன்று இலக்கங்களால் ஆயிரம் பேருக்கு எண் தரலாம். இருப்பவரோ இருநூறு பேர்தாம். ஆனால் முதல் இலக்கம் வகுப்பைக் காட்ட வேண்டும் என்று அவர் விதிக்கிறார். இப்போது ஒவ்வொரு வகுப்புக்கும் நூறு எண்களே உண்டு. ஓராண்டில் ஐந்தாம் வகுப்பில் நூற்றுப்பத்து மாணவர் சேர்ந்துவிட்டால், பத்துப் பேருக்கு எண் இல்லை. மற்ற நான்கு வகுப்புகளுக்கும் உரிய எண்களில் இருநூற்று நாற்பது வெறுமனே கிடக்கும். 0, 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் ஐந்நூறு எண்களை எவரும் தொடவே இல்லை. ஆயினும் அந்தப் பத்து மாணவருக்கு எண் இல்லை.

முன்னிலக்கத்துக்கு ஒரு பொருள் கொடுத்தால் வழிகாட்டுவது எளிதாகும். ஆனால் இடம் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். ஒரு துண்டில் உள்ள மிச்சம் இன்னொரு துண்டின் பற்றாக்குறைக்கு உதவாது. தொலைபேசி எண்களைப் பங்கிடுவோரின் தொல்லை முழுவதும் இந்த உண்மையில் அடங்கும்.

பங்கிடுவோர் யார்?

நம் நாட்டில் எண்களை வழங்கும் அதிகாரம் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் இருக்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இப்பொருளை ஆராய்ந்து பரிந்துரை செய்கிறது. ஆணையம் முதலில் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டு, நிறுவனங்களின் கருத்தையும் பொதுமக்களின் கருத்தையும் கேட்கிறது. அதன்பின் பரிந்துரையை அரசுக்கு அனுப்புகிறது. ஏற்பதும் நடைமுறைப்படுத்துவதும் துறையின் பொறுப்பு. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் இத்தகைய அடையாள எண்களை அரசின் ஆளுகைக்கு உட்பட்டவையாகவே வைத்துள்ளது.

எண்கள் ஒவ்வொன்றாக வழங்கப்படுவதில்லை, தொகுதிகளாக வழங்கப்படுகின்றன. கைப்பேசிச் சேவைக்காக நாடு 22 சேவைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பகுதியில் ஒரு நிறுவனத்துக்கு நான்கு முன்னிலக்கங்களைக் கொடுத்தால், எஞ்சிய ஆறு இலக்கங்களால் பத்து லட்சம் எண்கள் அதற்குக் கிடைக்கும். 9447 என்று தொடங்கும் எண்கள் கேரளத்தில் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனத்துக்கும், 9443 என்று தொடங்குபவை தமிழ்நாட்டில் அதே நிறுவனத்துக்கும் இவ்வாறு வழங்கப்பட்டவை. புதிய தொகுதி கேட்கும் நிறுவனம், முன்பு பெற்றதைப் போதிய அளவு பயன்படுத்தியிருக்கிறதா என்று பார்க்கப்படும். விற்ற எண்கள் எத்தனை என்பதைவிட, வலைப்பின்னலில் உண்மையாக இயங்கும் எண்கள் எத்தனை என்பதே முக்கியம்.

இந்த எண்களுக்கு விலை வைக்கலாமா என்ற கேள்வி 2024இல் எழுந்தது. பயன்படுத்தாமல் எண்களைப் பதுக்கி வைப்பதைத் தடுக்கக் கட்டணம் ஒரு வழியாகுமா என்று ஆணையம் தன் கலந்தாய்வு அறிக்கையில் கேட்டிருந்தது. இரண்டு சிம் அட்டை வைத்திருப்போர் யாவரும் பணம் கட்ட வேண்டிவரும் என்று வதந்தி பரவவே, ஆணையம் அதனை மறுத்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளிவந்த பரிந்துரையில் கட்டணம் வேண்டாம் என்றே கூறப்பட்டது. நிறுவனங்களின் பயன்பாட்டை ஆண்டுதோறும் பரிசீலிப்பதே ஆணையம் காட்டிய வழி.

தவறிய கணிப்பு

இப்போது நடைமுறையிலுள்ள தேசிய எண் திட்டம் 2003ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 75 கோடி இணைப்புகளுக்கு அது இடம் வகுத்தது: கைப்பேசிக்கு 45 கோடி, நிலைத் தொலைபேசிக்கு 30 கோடி. 2030 வரை இது போதும் என்று திட்டமிடப்பட்டது.

நடந்தது வேறு. 2009ஆம் ஆண்டிலேயே கைப்பேசி இணைப்புகள் 45 கோடியைக் கடந்தன. 2010 முடிவில் எல்லா இணைப்புகளும் சேர்ந்து 78 கோடிக்கு மேலாயின. இருபத்தேழு ஆண்டுகளுக்கென்று கட்டிய களஞ்சியம் ஏழு ஆண்டுகளில் நிரம்பிவிட்டது. 2024 முடிவில் கைப்பேசி இணைப்புகள் சுமார் 115 கோடி. நிலைத் தொலைபேசிகளோ நான்கு கோடியையும் எட்டவில்லை.

திட்டமிட்டவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் வீட்டுக்கு ஒன்றாக இருந்த தொலைபேசி ஆளுக்கு ஒன்றாகவும், சிலருக்கு இரண்டாகவும் மாறும் என்பதை 2003இல் சரியாகக் கணிப்பது எளிதாக இருக்கவில்லை. லண்டன் மாநகரத்தின் வரலாறு இதற்குச் சான்று. அந்நகரின் குறியீடு 01 ஆக இருந்தது. 1990இல் அது 071, 081 என இரண்டாயிற்று. 1995இல் 0171, 0181 ஆயிற்று. 2000இல் 020 ஆயிற்று. பத்து ஆண்டுகளில் மூன்று முறை அந்நகரத்தார் தங்கள் பெயர்ப்பலகைகளையும் கடிதத் தாள்களையும் மாற்ற வேண்டியிருந்தது.

நம் நாட்டில் முதலில் 9 என்னும் இலக்கத்தில் தொடங்கும் எண்களே கைப்பேசிக்கு ஒதுக்கப்பட்டன. பின்னர் 8, 7 ஆகியவை திறக்கப்பட்டன. அதன்பின் 6இல் ஒரு பகுதியும் திறக்கப்பட்டது. அதற்குமேல் போக முடியவில்லை. காரணம், பள்ளிக்கூட உதாரணத்தில் கண்டதே. 2 முதல் 6 வரையுள்ள இலக்கங்கள் நிலைத் தொலைபேசியின் உள்ளூர் எண்களுக்கு உரியவை. வலியசாலை வீட்டிலிருந்து ஒருவர் 2 என்று தொடங்கும் ஒரு கைப்பேசி எண்ணைச் சுழற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஏழு இலக்கங்கள் வந்தவுடனே இணைப்பகம் அதனை உள்ளூர் எண்ணாகக் கொண்டு, சாலையிலோ கரமனையிலோ உள்ள யாரோ ஒருவருக்கு மணியடித்துவிடும்.

இதனால் விளைந்த நிலையைப் பாருங்கள். திருவனந்தபுரம் வட்டாரத்தில் 2 முதல் 6 வரை தொடங்கும் ஏழு இலக்க எண்கள் ஐம்பது லட்சம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி இம்மாநகராட்சியின் மக்கள் தொகை பத்து லட்சத்தையும் எட்டவில்லை. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் ஐந்து எண் கொடுக்கலாம், கொள்வார்தாம் இல்லை. மறுபுறம் கைப்பேசிக்கு எண் போதவில்லை.

ஒரு பூஜ்யமா, பதினோராவது இலக்கமா?

இந்நிலையில் ஆணையத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, கைப்பேசி எண்ணைப் பதினோர் இலக்கமாக்குவது. இதனால் இடம் ஏராளமாகப் பெருகும். ஆனால் நூறு கோடிக்கு மேற்பட்ட எண்கள் ஒரே நாளில் மாற வேண்டும். வங்கிக் கணக்கு, சமையல் எரிவாயு, ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை என எல்லாப் பதிவேடுகளிலும் பத்துக் கட்டங்களே உள்ளன. அவை அனைத்தையும் திருத்த வேண்டும். கடைச் சுவரில் எழுதிய எண்ணும், கிழவி ஒருத்தி மனப்பாடம் செய்துள்ள மகனின் எண்ணும் பயனற்றுப் போகும். தவறான அழைப்புகளும் பெருகும்.

இரண்டாவது வழி, நிலைத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைப்போர் எப்போதும் முதலில் பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்று விதிப்பது. அதுவரை வெளிமாநிலக் கைப்பேசிகளுக்கு மட்டுமே பூஜ்யம் தேவைப்பட்டது. எல்லா அழைப்புகளுக்கும் பூஜ்யம் வந்துவிட்டால், உள்ளூர் எண் எது, கைப்பேசி எண் எது என்ற குழப்பம் இணைப்பகத்துக்கு இராது. நிலைத் தொலைபேசியில் வட்டாரக் குறியீட்டை அடுத்து வரும் இலக்கம் 2 முதல் 6 வரையே இருக்கும். ஆகவே 471ஐ அடுத்து 0, 1, 7, 8, 9 ஆகியவை வரும் பத்து இலக்க எண்கள் எவருக்கும் உரியன அல்ல; அவற்றைக் கைப்பேசிக்குக் கொடுக்கலாம். நாடு முழுவதும் இவ்வாறு கணக்கிட்டபோது, கூடுதலாகக் கிடைக்கக்கூடிய எண்கள் 254 கோடிக்கு மேல் என்று கண்டனர்.

2020ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஆணையம் இந்த இரண்டாவது வழியையே பரிந்துரைத்தது. பதினோர் இலக்க எண் வரப்போகிறது என்று சில பத்திரிகைகள் எழுதின. தான் அவ்வாறு பரிந்துரைக்கவில்லை என்று ஆணையம் உடனே விளக்கம் அளித்தது. துறை பரிந்துரையை ஏற்றது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

வலியசாலை வீட்டில் இதன் விளைவு என்ன? கூடத்துத் தொலைபேசியில் பேத்தியின் கைப்பேசி எண்ணைப் பழைய வழக்கப்படி சுழற்றிய பாட்டிக்கு மணியோசை கேளாது. பூஜ்யம் சேர்க்கச் சொல்லும் அறிவிப்பு கேட்கும். ஒரு முறை யாரேனும் சொல்லித் தந்தால் போதும். கைப்பேசியில் எதுவும் மாறவில்லை. நூறு கோடிப் பேர் சுமக்க வேண்டிய பெரிய சுமைக்குப் பதிலாக, சில கோடி வீடுகள் சுமக்க வேண்டிய மிகச் சிறிய சுமை தேர்ந்தெடுக்கப்பட்டது. எந்த எண்ணும் மாறவில்லை. புதிய இணைப்பகக் கட்டடம் ஒன்றும் எழவில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் பணி நன்கு நடந்ததற்கு அடையாளமே, பெரும்பாலோர் அதனை உணராமலிருப்பதுதான் எனலாம்.

2025 பிப்ரவரிப் பரிந்துரை இதே பாதையில் அடுத்த படி. ஒரே ஊருக்குள் ஒரு நிலைத் தொலைபேசியிலிருந்து மற்றொன்றை அழைக்கும்போதும் பூஜ்யம், வட்டாரக் குறியீடு, உள்ளூர் எண் ஆகிய மூன்றையும் சேர்த்தே சுழற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறாயின், வட்டாரத்துக்கு வட்டாரம் துண்டுபட்டுக் கிடக்கும் எண்களை மாநிலம் அல்லது சேவைப் பகுதி முழுமைக்கும் பொதுவாக்கலாம். சந்தாதாரர்களின் எண்கள் அப்போதும் மாறா.

இயந்திரங்களுக்கு எண், சிறப்புச் சேவைக்கு எண்

மனிதருக்கு மட்டுமின்றி இயந்திரங்களுக்கும் இன்று எண் தேவைப்படுகிறது. மின்சார மீட்டரும், பேருந்திலுள்ள இடங்காட்டும் கருவியும் சிம் அட்டை மூலம் செய்தி அனுப்புகின்றன. அவை பத்து இலக்க எண்களைத் தின்றுவிடாதிருக்க, 2018ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் இயந்திரங்களின் புதிய இணைப்புகளுக்குப் பதின்மூன்று இலக்க எண்கள் வகுக்கப்பட்டன. எண்ணை மனப்பாடம் செய்யும் தொல்லை இயந்திரத்துக்கு இல்லை. ஆகவே நீளம் அதற்குப் பொருட்டன்று.

1 என்னும் முன்னிலக்கம் பொதுநலத்துக்கென்று காக்கப்படுகிறது. எல்லா அவசர உதவிக்கும் 112. ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கு 1098. இணையவழிப் பண மோசடியைத் தெரிவிக்க 1930. வேளாண்மை ஆலோசனை நாடும் விவசாயிகளுக்கு 2004இல் தொடங்கிய உழவர் அழைப்பு மையத்தின் 1800–180–1551. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வங்கி முதலிய நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரைச் சேவை நிமித்தம் அழைப்பதற்கு 160 என்று தொடங்கும் வரிசை 2024இல் வகுக்கப்பட்டது. அழைப்பவர் யார் என்பதை எண்ணின் முகத்திலேயே காட்டுவது இதன் நோக்கம்.

எண் ஒருவருக்கு நிலையானதா?

2011ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் முதல் நாடு முழுவதும், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை கைப்பேசிச் சந்தாதாரர்களுக்குக் கிடைத்தது. 2015 ஜூலை முதல், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே 9447 என்று தொடங்கும் எண்ணை உடையவர் இன்று வேறு நிறுவனத்தின் சந்தாதாரராக, மதுரையிலோ டில்லியிலோ இருக்கக்கூடும். முன்னிலக்கங்கள் எண் பிறந்த இடத்தைத்தான் காட்டும். இருக்கும் இடத்தைக் காட்டா. ஒவ்வோர் அழைப்பின்போதும் அழைப்பவரின் நிறுவனம் ஒரு பொதுப் பதிவேட்டின் துணைகொண்டு, அந்த எண் இப்போது எங்கே வாழ்கிறது என்று அறிந்துகொள்கிறது.

இதனால் எண் நம் சொத்து என்ற எண்ணம் பலருக்கு ஏற்பட்டுள்ளது. அது சரியன்று. எண் பொதுமக்களின் கூட்டு உடைமை. நாம் பயன்படுத்தும் வரை அது நம்மிடம் இருக்கும். நெடுநாள் பயன்படுத்தாமல் விட்டால், நிறுவனம் அதனைத் திரும்ப எடுத்து, குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கலாம். எண்கள் அளவுள்ளவை ஆதலின், கைவிடப்பட்டவற்றை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவருவது தவிர்க்க முடியாதது. 90 நாள் முடியும் முன் எந்த இணைப்பையும் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் துண்டிக்கலாகாது. 365 நாள் இயங்காதிருந்தால் கட்டாயம் துண்டிக்க வேண்டும் என்று 2025ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது.

இங்கேதான் எளிய மக்களுக்கு உண்மையான இடர் இருக்கிறது. ஒரு விவசாயக் கூலியாள் பணமில்லாமையால் சில மாதம் தம் கைப்பேசிக்குக் கட்டணம் செலுத்தவில்லை. எண் இன்னொருவருக்குப் போய்விடுகிறது. ஆனால் அவருடைய வங்கிக் கணக்கும், உதவித்தொகைப் பதிவும், மகளின் பள்ளிப் பதிவேடும் அந்தப் பழைய எண்ணையே சுட்டிக்கொண்டிருக்கின்றன. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண் முன்பின் அறியாத ஒருவரின் கைக்குப் போகிறது. புதிதாக எண் பெற்றவருக்கும் தொல்லைதான். யாரோ பட்ட கடனுக்கு அவரை நெருக்குகிறார்கள். இதில் இருவர்மீதும் குற்றமில்லை. எண் கைமாறிய செய்தி பதிவேடுகளுக்கு எட்டவில்லை என்பதே குறை.

நாம் செய்யத்தக்கவை

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இவ்விஷயத்தில் பெருந்துணை புரியலாம். பயனாளிகளின் பட்டியலையும் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எடுத்து, குறித்துள்ள எண் இன்னும் அதே குடும்பத்தினரிடம் இருக்கிறதா என்று அழைத்துப் பாருங்கள். மாறியிருந்தால், உங்கள் பதிவேட்டைத் திருத்துவதோடு நில்லாமல், வங்கிக்கும் தெரிவிக்குமாறு அவர்களிடம் சொல்லுங்கள். எண்ணைக் கைவிட எண்ணுவோர், முதலில் அந்த எண்ணோடு பிணைத்துள்ள கணக்குகளை விடுவித்த பின்னரே கைவிட வேண்டும் என்பதையும் எடுத்துரையுங்கள். கிராமத்து முதியோர் வீட்டில் நிலைத் தொலைபேசி இருந்தால், பூஜ்யம் சேர்க்கும் முறையை ஒரு தாளில் பெரிதாக எழுதி அருகே ஒட்டிவையுங்கள்.

கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாக்கலாம். தங்கள் பள்ளிக்கு ஓர் எண் திட்டம் வகுக்குமாறு மாணவர்களிடம் சொல்லுங்கள். முதல் இலக்கம் வகுப்பையும் இரண்டாவது பிரிவையும் காட்டினால் எத்தனை எண்கள் வீணாகும்? இன்னும் பத்து ஆண்டுகளில் எத்தனை மாணவர் சேர்வர்? கணிப்பு தவறினால், யாருடைய எண்ணையும் மாற்றாமல் எப்படிச் சமாளிப்பது? பத்தின் அடுக்குகளைப் பற்றிய பாடத்தோடு, பொது உடைமையைப் பங்கிடும் பொறுப்பும் அவர்களுக்கு விளங்கும்.

வலியசாலை வீட்டின் வாயிலில் உள்ள கதவு எண் அந்த வீட்டுக்கு உரியது. கூடத்துத் தொலைபேசியின் எண்ணோ, பேத்தியின் கையிலுள்ள எண்ணோ அத்தகையதன்று. நாளை அது வேறொருவரின் கையில் இருக்கலாம். நாம் பயன்படுத்தும் வரை அதனை ஒழுங்காக வைத்திருந்து, விடும்போது ஒழுங்காக விட்டுச் செல்வது, பின்னால் வருபவருக்கு நாம் செய்யும் கடமையாகும்.